அலுமாரிக்குள் சாகும் பற்றரிகள்: மாதிரி விமானம் பறக்கவிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் பட்டம் கொண்டு செல்பவர்கள், பட்டத்தில் நூலைக் கட்டும் முச்சையை எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதிரி விமானத்தின் இறக்கைக்கும் மோட்டாருக்கும் நாங்களும் அதே அக்கறையைக் காட்டுகிறோம். ஆனால் அவற்றுக்கு உயிர் கொடுக்கும் பற்றரியை மட்டும், தேவைப்படும்போது சார்ஜ் செய்து, தேவை முடிந்ததும் எங்காவது வைத்துவிடும் பொருளாகவே நடத்துகிறோம். நல்ல முறையில் பராமரித்தால் இருநூறு தடவைக்கு மேல் பறக்கக்கூடிய ஒரு பற்றரி, இருபது தடவை பறப்பதற்குள் ஊதிப்போவதற்கு இதுவே முதற் காரணம்.

இன்று பெரும்பாலானோர் பயன்படுத்துவது லிப்போ எனப்படும் இலிதியம் பொலிமர் பற்றரி. அதன் ஒவ்வொரு கலத்தின் பெயரளவு வோல்ற்றளவு 3.7, முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.20, எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாத அடிமட்டம் 3.0. மூன்று கலங்கள் தொடராக இணைந்த பற்றரியின் மேல் 11.1 வோல்ற் என்று எழுதியிருக்கும். முழுச் சார்ஜில் அது 12.6 வோல்ற் காட்டும். இவற்றோடு இன்னோர் எண்ணும் உண்டு. அது கலமொன்றுக்கு 3.80 முதல் 3.85 வோல்ற் வரையிலான சேமிப்பு அளவு. நான் பார்த்த பற்றரிகளில் மிகப் பல, இந்த எண்ணை எவரும் கவனிக்காததால்தான் கெட்டுப்போயின.

என் சொந்த இழப்பையே சொல்கிறேன். ஒரு கார்த்திகை மாதத்தில், மறுநாள் காலை தரவை வெளியில் பறக்கவிடலாம் என்ற நம்பிக்கையில், சனிக்கிழமை இரவே மூன்று பற்றரிகளையும் முழுதாகச் சார்ஜ் செய்து வைத்தேன். விடிய மழை தொடங்கியது. வாடைக் காற்றோடு வந்த அந்த மழை விட்டுவிட்டுப் பல வாரங்கள் நீடித்தது. பற்றரிகள் மேல்மாடி அறை அலுமாரியில், முழுச் சார்ஜிலேயே கிடந்தன. தை பிறந்து எடுத்துப் பார்த்தபோது இரண்டின் பக்கங்கள் தலையணைபோல் உப்பியிருந்தன. ஒரு தடவைகூடப் பறக்காமல், ஒரு விபத்தையும் சந்திக்காமல், அலுமாரிக்குள்ளேயே அவை செத்துப்போயின.

காரணம் எளிமையானது. முழுச் சார்ஜில் உள்ள கலத்தினுள் நேர் மின்வாய் எளிதில் வேதிவினை புரியும் நிலையில் இருக்கிறது. அந்த உயர் வோல்ற்றளவில் மின்பகுபொருள் மெதுவாகச் சிதைந்து வாயுவை வெளியிடுகிறது. பற்றரியின் உறை மென்மையானதாகையால் அந்த வாயு அதை ஊதச் செய்கிறது. வெப்பம் கூடினால் இச்சிதைவும் விரைவாகும். இலிதியம் அயன் கலங்களுக்குப் பொதுவாகத் தரப்படும் அளவீட்டின்படி, 40 பாகை செல்சியசில் முழுச் சார்ஜோடு ஓராண்டு வைத்தால் கொள்ளளவில் ஏறத்தாழ 35 சதவீதம் போய்விடும். அதே வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜோடு வைத்தால் போவது ஏறத்தாழ 15 சதவீதம். குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேடுகள் வெப்பத்தைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன. நாங்கள் அப்படிக் கடந்துபோக முடியாது. சித்திரை வெயிலில் கொங்கிறீற் தட்டின் கீழுள்ள மேல்மாடி அறை இரவிலும் சூடாறாது. தகரக் கொட்டிலைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆகவே பற்றரியைக் கீழ்வீட்டில், வெயில் படாத சுவரோரமாக, தரைக்கு அண்மையில் வையுங்கள். பறக்கவிடும் நாளன்று காலையில் மட்டும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். சோளகக் காற்று எழும்பியதாலோ மழை வந்ததாலோ பறக்கவிடாமல் திரும்பினால், அன்று மாலையே, பிந்தினால் மறுநாளாவது, சார்ஜரில் உள்ள சேமிப்பு முறையைத் தெரிவுசெய்து 3.85க்கு இறக்கிவிடுங்கள். சிறிய சார்ஜர்கள் மெதுவாகவே இறக்கும். பொறுமையாக அருகில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது.

முழுச் சார்ஜில் வைப்பதற்கு மறுபக்கமான தவறு, அடிவரை உறிஞ்சி எடுப்பது. நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்தில் பழகிய மூத்தவர்கள், முழுதாகத் தீர்ந்தபின்தான் சார்ஜ் செய்ய வேண்டும் என்று இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை இன்றும் கேட்கிறேன். அந்தப் பற்றரிக்கு அது பொருந்திய அறிவுரை; லிப்போவுக்கு அது நஞ்சு. முழுதாகத் தீராமல் சார்ஜ் செய்தால் கொள்ளளவு குறைந்துபோகும் நினைவுக் குறைபாடு லிப்போவுக்கு இல்லை. பாதியில் சார்ஜ் செய்வதால் ஒரு கெடுதியும் நேராது. மோட்டார் தளரும்வரை பறக்கவிட்டால் மூன்று கலங்களுள் வலுக் குறைந்த ஒன்று மற்றவற்றுக்கு முன்பே 3.0க்குக் கீழே விழுந்துவிடும். மோட்டாருக்கு மின்னை அளந்து கொடுக்கும் வேகக் கட்டுப்படுத்தி பெரும்பாலும் மொத்த வோல்ற்றளவையே பார்ப்பதால், அந்த ஒரு கலத்தின் வீழ்ச்சியை அது அறியாது.

எத்தனை நிமிடம் பறக்கலாம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கிடலாம். 2200 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றரியோடு முதல் தடவை நான்கு நிமிடம் மட்டும் பறந்து இறக்குங்கள். மீண்டும் சார்ஜ் செய்யும்போது உள்ளே சென்ற அளவைச் சார்ஜரின் திரை காட்டும். அது 1150 என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 290 செலவாகியிருக்கிறது. கொள்ளளவில் 80 சதவீதமான 1760க்கு மேல் எடுக்கக் கூடாது என்ற விதியின்படி உங்களுக்குக் கிடைப்பது ஆறு நிமிடம். ரிமோட்டின் மணியை அதற்கு அமைத்துவிடுங்கள். இறக்கிச் சற்று ஆறவிட்டுப் பார்த்தால் கலமொன்று 3.7க்குக் குறையாமல் நிற்க வேண்டும். இறக்கியதும் பற்றரியைக் கழற்றுவதும் முக்கியம். மோட்டார் சுற்றாவிட்டாலும் ரிசீவர் மின்னை இழுத்துக்கொண்டே இருக்கும். இணைத்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்து மறந்த பற்றரி மறுநாள் மீட்க முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

இனிச் சார்ஜ் செய்யும் நேரத்துக்கு வருவோம். 1 சி என்பது கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டம்: 2200க்கு 2.2 அம்பியர், 1300க்கு 1.3 அம்பியர். இதைப் பலரும் அறிவார்கள், ஆயினும் தவறுகிறார்கள். ஏனெனில் சார்ஜர் முன்பு செய்த அமைப்பை நினைவில் வைத்திருக்கும். பெரிய பற்றரியைக் கழற்றிவிட்டு 450 மில்லி அம்பியர் மணியுள்ள சிறியதைச் செருகி, திரையைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினால், அந்தச் சிறு பற்றரிக்குள் 2.2 அம்பியர், அதாவது 1 சி அளவின் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டம் பாயும். பற்றரியின் வகையையும் அதே கவனத்தோடு பாருங்கள். நிக்கல் பற்றரிக்கான முறையில் லிப்போவைச் சார்ஜ் செய்தால், சார்ஜர் நிக்கலுக்குரிய ஒரு சிறு வோல்ற்றளவு இறக்கத்தை எதிர்பார்த்து நிற்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது, மின்னேற்றமும் நிற்காது. வீடுகளில் நேரும் தீ விபத்துகளுக்கு இத்தகைய கவனக்குறைவே வழிவிடுகிறது.

சமநிலை வயரைச் செருகாமல் சார்ஜ் செய்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். மூன்று கலப் பற்றரியின் அந்த வெள்ளைச் செருகியில் நான்கு மெல்லிய வயர்கள் இருக்கும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகப் பார்க்க அவையே சார்ஜருக்குக் கண். சார்ஜ் முடியும் தறுவாயில் திரையை ஒரு நிமிடம் வாசித்துப் பாருங்கள். முதற் கலம் 4.19, இரண்டாவது 4.19, மூன்றாவது 4.05 என்று நின்று, சார்ஜர் நெடுநேரம் அதைச் சமப்படுத்தப் போராடுமானால், மூன்றாவது கலம் களைத்துவிட்டது என்று பொருள். இதைக் குறிப்பேட்டில் திகதியோடு எழுதி வைத்தால், அந்தப் பற்றரி எப்போது விமானத்தை வானத்தில் கைவிடும் என்பதை முன்கூட்டியே உணரலாம். அகத்தடையை, அதாவது கலத்தினுள் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடையை, காட்டும் சார்ஜர் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு கலத்தின் மில்லி ஓம் அளவு மற்றவற்றின் இரு மடங்கானால் அந்தப் பற்றரியைப் பறக்கவிடாதீர்கள்.

பறந்து இறங்கிய பற்றரி கைக்குச் சுடும்போது உடனே சார்ஜில் போடாதீர்கள்; அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். சார்ஜ் செய்யும் இடம் விறாந்தையின் சீமெந்துத் தரையாக இருக்கட்டும். கட்டில், பாய், மேசை விரிப்பு ஆகியவற்றின் மேல் வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். தீப்பிடித்தால் எழும் புகை நச்சுத்தன்மை உடையது. மணலைக் கொட்டிவிட்டு விலகி நில்லுங்கள். சார்ஜ் ஏறும்போது கடைக்குப் போவதும் நித்திரை கொள்வதும் கூடாது. இடையில் கரண்ட் போனால் பற்றரியைச் சார்ஜரிலேயே விட்டுவைக்காமல் கழற்றிவிட்டு, மின் வந்ததும் அமைப்புகளை மீண்டும் பார்த்துத் தொடங்குங்கள்.

செருகியை மாற்றும்போது நேரும் தவறு கண நேரத்தில் முடிந்துவிடும். சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரிக்கோலின் அலகே இரண்டையும் இணைத்துவிடும். பெரும் பொறி பறந்து அலகில் பிறைபோல் ஒரு துண்டு உருகிப் போகும். முதலில் கறுப்பை மட்டும் வெட்டி, புதிய செருகியில் ஈயம் வைத்து ஒட்டி, உறையிட்டு மூடிய பின்னரே சிவப்பைத் தொட வேண்டும். கடலை அண்டி வாழ்பவர்கள் வயரின் செப்பிழைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் பற்றரி எடுப்பிப்பவர்கள், அதை விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உதிரி இலிதியம் பற்றரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒவ்வொன்றும் 100 வாற்று மணிக்கு மேற்படக் கூடாது. 11.1 வோல்ற், 2200 பற்றரி 24.4 வாற்று மணி மட்டுமே. முனைகளை ஒட்டுநாடாவால் மூடியிருக்க வேண்டும்.

“கொஞ்சம் ஊதித்தான் கிடக்கு அண்ணை, ஆனா இன்னும் பறக்குது” என்று ஒரு தம்பி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அதைப் பறக்கவிடவும் கூடாது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவும் கூடாது. குத்தினால் மின்வாய்கள் உள்ளே ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பற்றலாம். உப்புத் தண்ணீரில் போடும் பழக்கமும் நம்பத்தக்கதன்று. முனைகள் அரித்துப்போய், உள்ளே சார்ஜ் அப்படியே எஞ்சிவிடும். நாங்கள் மூன்று கலப் பற்றரிக்குச் செய்வது இதுதான்: மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற், 21 வாற்று பிறேக் விளக்குக் குமிழுக்கு இரண்டு வயர்களை ஒட்டி, முற்றத்து மணலில் பற்றரியையும் குமிழையும் சற்று எட்ட வைத்து இணைத்துவிடுவோம். குமிழ் சுடும் என்பதால் பக்கத்தில் காய்ந்த சருகு இருக்கக் கூடாது. ஏறத்தாழ இரண்டு அம்பியர் இழுத்து, மெல்ல மெல்ல மங்கிச் சிவந்து அது அணையும். மறுநாள் மீற்றரில் பூச்சியம் காட்டிய பின் முனைகளை ஒட்டுநாடாவால் சுற்றி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கும்வரை ஒரு தகரப்பேணியில் போட்டு வைப்போம். வளவு கூட்டிக் கொளுத்தும் சருகுக் குவியலுக்குள் அது போய்ச் சேராதபடி வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். ஏனெனில் அந்தக் குவியலைக் கொளுத்துபவர் பெரும்பாலும் உங்கள் அம்மாவாகவோ அம்மம்மாவாகவோ இருப்பார்.