ஸ்கூல் பஸ் டிரைவர் பிள்ளைகளிடம் கை ஓங்குகிறாரா? வீடியோ எடுக்கலாம், ஆனால் இப்படி

எடுக்கலாம். தண்டையார்பேட்டையிலோ எண்ணூரிலோ காலையில் பஸ் வந்து நிற்கும்போது, டிரைவர் பிள்ளையின் காதைத் திருகுவதையோ கெட்ட வார்த்தையில் திட்டுவதையோ தெருவில் நின்று உங்கள் போனில் பதிவு செய்தால் அது குற்றமில்லை. "யாரைக் கேட்டு எடுக்கிற?" என்று அவர் எகிறினால் எகிறட்டும். ஆனால் அடி விழுகிறது என்றால் முதலில் போய்த் தடுங்கள், வீடியோ அப்புறம்.

வண்டி நம்பரும் நிற்கிற இடமும் தெரிகிற மாதிரி, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். நீங்கள் கத்தினால் உங்கள் குரல்தான் பதிவாகும், அவர் பேசியது கேட்காது.

எடுத்ததை வெட்டாதீர்கள், மேலே எதுவும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும், அதனால் அசல் அந்த போனிலேயே இருக்கட்டும், வழக்கு முடியும்வரை போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் நகலைக் காட்ட வேண்டி வந்தால் பாரதிய சாக்ஷிய சட்டம் 63-வது பிரிவின்படி ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) சான்றிதழ் கேட்பார்கள். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

முக்கியமாக, ஏரியா குரூப்பில் போடாதீர்கள். கோபம் நியாயம்தான், ஆனால் முகத்தை மறைத்தாலும் யூனிஃபார்மும் பஸ்ஸில் எழுதிய பள்ளிப் பெயரும் பிள்ளை யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. டிரைவர்மேல் கேஸ் போடப் போய் நீங்கள் மாட்டிக்கொள்வானேன்?

பிள்ளையின் பையில் ரெக்கார்டர் ஒளித்து வைக்கலாமா? எனக்கு இதில் சம்மதமில்லை. டிரைவர் கையில் சிக்கினால் முதல் அடி பிள்ளைக்குத்தான், மற்ற வீட்டுப் பிள்ளைகள் பேசுவதும் சேர்ந்து பதிவாகும். அதற்குப் பதிலாக, பிள்ளை சொல்வதை அதன் வார்த்தையிலேயே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "அடிச்சாரா?" என்று எடுத்துக்கொடுக்காமல் "இன்னிக்கு பஸ்ல என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

பஸ்ஸிலேயே கேமரா இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியது முன்னாலும் பின்னாலும் வைக்கிற கேமராவைத்தான், உள்ளே நடப்பது அதில் விழாமல் போகலாம். உள்ளேயும் இருந்தால் அன்றே பள்ளிக்குக் கடிதம் கொடுங்கள்: இந்தத் தேதி, இந்த நேரம், இந்த வண்டி, பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று. பழைய பதிவின்மேல் புதியது தானாக ஏறிவிடும், அதனால் தாமதிக்காதீர்கள். கடிதத்தின் நகலில் ஆபீஸ் சீல் வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் காவல் நிலையம். எழுத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு என்று புகாரிலேயே குறிப்பிடலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலே பள்ளியின் பதிலுக்குக் காத்திராமல் நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

பஸ்ஸில் உதவியாளரே இல்லை, டிரைவர் தாறுமாறாக ஓட்டுகிறார் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனியாக ஒரு மனு கொடுங்கள். பள்ளிக்குச் சொந்தமில்லாத தனியார் வேன் என்றாலும் இதே ஆபீஸ்தான்.