அரிய புற்றுநோயின் பரவலைக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு ஆயத்தமாவது எப்படி?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து பெட்-சிடி (ஊசியில் செலுத்தும் கதிரியக்க மருந்து சேரும் இடங்களைப் படமாக்கும் ஸ்கேன்) எடுக்கத் திருவனந்தபுரம் செல்வோர், எந்தக் கதிரியக்க மருந்து செலுத்தப்படும் என்று முதலில் கேட்டறிய வேண்டும். வழக்கமாகச் செலுத்தும் எஃப்டிஜி என்ற மருந்து சர்க்கரையை ஒத்தது. ஆகவே சுமார் 6 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும், விடியற்காலைச் சாயாகூட, அருந்தாமலும், உழைத்த தசை மருந்தை ஈர்த்துப் படத்தில் ஒளிரும் என்பதால் முந்தைய நாள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகாமலும் இருக்க வேண்டும். நீரிழிவுள்ளோர் முன்பே தெரிவிக்க வேண்டும்.

ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் அரிய புற்றுநோயான நியூரோஎண்டோகிரைன் கட்டி மெதுவாக வளர்வதாக இருந்தால், எஃப்டிஜி படத்தில் தப்பிவிடலாம்; அதன் பரவலைக் காலியம்-68 டோட்டாடேட் என்ற வேறு கதிரியக்க மருந்தால் எடுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் தெளிவாகக் காட்டும். காலியத்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 68 நிமிடமே என்பதால் நேரம் தவறக் கூடாது. இக்கட்டிக்காக ஆக்ட்ரியோடைட் என்ற மருந்தை ஊசியாகப் போடுபவர், அதுவும் டோட்டாடேட் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டும் என்பதால், கடைசியாகப் போட்ட தேதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த குறுவட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒப்பிட அறிக்கைத் தாள் மட்டும் போதாது.