நிமிடக் கேண்டிலை விடுங்கள், ரூபாய் கணக்கில் வெட்டுங்கள்

தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யில் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை மொத்தம் 375 நிமிடம், அதை ஒரு நிமிடக் கேண்டிலாக (ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்க, உச்ச, தாழ்ந்த, முடிவு விலைகள்) அப்படியே விலையைக் கணிக்கும் கணினி மாடலுக்குக் கொடுத்தால் முதல் கால் மணி நேரப் பரபரப்புக்கும் மதிய மந்தத்துக்கும் ஒரே எடைதான் கிடைக்கும். அதனால் கைமாறிய பணத்தை வைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு டிரேடிலும் விலையைப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள், வரம்பு தாண்டியதும் ஒரு பார், அதாவது கேண்டில் போன்ற ஒரு துண்டு, முடிந்தது. வரம்பு எவ்வளவு? முந்தைய மாதங்களின் சராசரி தினசரி டர்னோவரை (ஒரு நாளில் கைமாறிய மொத்தப் பணம்), நாளுக்கு எத்தனை பார் வேண்டுமோ அதால் வகுத்தால் போதும். பிந்தைய நாட்களின் தரவு மட்டும் இதில் கலக்கவே கூடாது.

பங்கு எண்ணிக்கையை வைத்து வெட்டலாமே என்றால், 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம்) கொடுத்தபோது விலை ஏறக்குறைய பாதியானது, சரிசெய்யாத தரவில் எண்ணிக்கை பார் அங்கேயே குழம்பிவிடும், ரூபாய் பார் தாக்குப்பிடிக்கும். டிக் தரவு, அதாவது ஒவ்வொரு டிரேடின் பதிவு, இல்லையா? சரி, நிமிடத் தரவிலிருந்தே தோராயமாகக் கட்டலாம்.