பிரசிடெண்ட் செனட்டைத் தாண்டி ஆளைப் போட்டாரா? நீங்களே செக் பண்றது எப்படி

அமெரிக்க நியூஸ்ல ரிசெஸ் நியமனம்னு (செனட் லீவுல இருக்கிறப்ப அதோட ஒப்புதல் இல்லாமலே பிரசிடெண்ட் பதவிக்கு ஆள் போடுறது) ஒரு வார்த்தை வந்தாலே போதும், ஒருத்தர் "அரசியல் சட்டத்துலயே இருக்கு"ங்கிறார், இன்னொருத்தர் "இது சர்வாதிகாரம்"ங்கிறார், ஆனா யாருமே காலண்டரையும் சம்பள விதியையும் எடுத்துப் பாக்குறதில்ல. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இந்த அதிகாரத்தை இறுக்கிப் பிடிச்சதே முக்கியமா அந்த ரெண்டு வழியிலதான், அதனால நீங்களும் அங்கேயே தேடுங்க.

முதல்ல அது ரிசெஸ் நியமனமே தானான்னு பாருங்க. "ஆக்டிங்"னு போட்டிருந்தா அது 1998ல வந்த காலியிடச் சட்டப்படி கொடுக்கிற தற்காலிகப் பொறுப்பு, பொதுவா 210 நாள் வரைக்கும்தான், அது தனி விஷயம். ரிசெஸ் நியமனம்னா செனட் கூடாத நேரத்துல காலியிடத்தை பிரசிடெண்ட் தானே நிரப்புறது, செனட்டோட அடுத்த செஷன் (கூட்டத் தொடர்) முடிஞ்சா அந்தப் பதவியும் முடிஞ்சுது. 2005 ஆகஸ்ட்ல ஜார்ஜ் டபிள்யூ புஷ் ஜான் போல்டனை ஐ.நா. தூதரா இப்படித்தான் போட்டார், செனட் ஒப்புதல் கிடைக்கல, 2006 கடைசியில அவர் கிளம்பிட்டார்.

அடுத்தது காலண்டர், இங்கதான் நிதானமா உக்காந்து எண்ணணும். செனட் எத்தனை நாள் லீவுல இருந்துச்சு? 10 நாளுக்குக் கம்மின்னா பொதுவா நியமனம் செல்லாது, 3 நாள்னா கதையே இல்ல, இது 2014ல சுப்ரீம் கோர்ட் நோயல் கேனிங் கேஸ்ல சொன்னது. ஆனா லீவுன்னு நியூஸ்ல சொன்னா அப்படியே நம்பிடாதீங்க, நடுவுல "புரோ ஃபார்மா", அதாவது பேருக்கு நடத்துற கூட்டம் இருக்கான்னு பாருங்க, இருந்தா லீவு அங்கேயே துண்டாயிடும். அது எப்படின்னா, மத்த சீட்டெல்லாம் காலியா கிடக்கும், ஒரே ஒரு செனட்டர் வந்து மேல உக்காருவார், சுத்தியலைத் தட்டுவார், சில சமயம் ஒரு நிமிஷம்கூட ஆகாது, கூட்டம் முடிஞ்சுது. 2007 நவம்பர்ல அப்போ செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவரா இருந்த ஹாரி ரீட் இதை மூணு நாளைக்கு ஒருதரம் வச்சு புஷ்ஷைத் தடுத்தார். ஒபாமா மட்டும் இதெல்லாம் கூட்டமே இல்லன்னு சொல்லி 2012 ஜனவரி 4ஆம் தேதி தொழிலாளர் வாரியத்துக்கு மூணு பேரையும் நுகர்வோர் நிதி அமைப்புக்கு ரிச்சர்ட் கார்ட்ரேயையும் போட்டார், ஆனா செனட் ஜனவரி 3, 6 ரெண்டு தேதியிலயும் கூடியிருந்துச்சு. அந்த வாரியம் கொடுத்த தீர்ப்பை எதிர்த்துத்தான் யாக்கிமாங்கிற ஊர்ல பெப்சி பாட்டில் அடைக்கிற நோயல் கேனிங் கம்பெனி கேஸ் போட்டுச்சு, 9 ஜட்ஜும் ஒபாமாவோட வாரிய நியமனங்கள் செல்லாதுன்னுட்டாங்க. எனக்கு இதுல முக்கியமா பட்டது என்னன்னா, 2011 டிசம்பர் 23ல அதே மாதிரி ஒரு சுத்தியல் கூட்டத்துலதான் செனட் சம்பள வரிச் சலுகை மசோதாவையே பாஸ் பண்ணிருந்துச்சு, வேலை செய்ய முடியுற சபையை லீவுல இருக்குன்னு எப்படிச் சொல்றது?

காங்கிரஸோட இன்னொரு சபையான பிரதிநிதிகள் சபையையும் மறந்துடாதீங்க. ஒரு சபை மூணு நாளுக்கு மேல ஒத்திவைக்கணும்னா இன்னொரு சபை சம்மதிக்கணும், அதனால ஒத்திவைப்புத் தீர்மானம் ரெண்டு பக்கமும் பாஸ் ஆச்சான்னு தேடுங்க. ஆகலைன்னா நீண்ட ரிசெஸுக்கு வழியே இல்ல.

அப்புறம் சம்பளம். 1863லயே காங்கிரஸ் சட்டம் போட்டுருச்சு, செனட் கூடியிருந்தப்பவே காலியா இருந்த இடத்தை ரிசெஸ்ல நிரப்பினா, செனட் ஒப்புதல் தர்ற வரைக்கும் அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது. 1940ல இதைக் கொஞ்சம் தளர்த்துனாங்க. செஷன் முடியுறதுக்கு முந்தின 30 நாளுக்குள்ள இடம் காலியாயிருந்தாலோ, செஷன் முடியுறப்ப அந்த இடத்துக்கு ஒரு பேர் செனட் முன்னாடி நிலுவையில இருந்தாலோ சம்பளம் உண்டு, ஆனா அடுத்த செஷன் ஆரம்பிச்சு 40 நாளுக்குள்ள பிரசிடெண்ட் பேரை செனட்டுக்கு அனுப்பியாகணும். அதனால இடம் எந்தத் தேதியில காலியாச்சுன்னு கண்டிப்பா குறிச்சு வச்சுக்கோங்க. பதவியைத் தடுக்காம வருமானத்தைப் பிடிச்சது எவ்வளவு கூர்மையான வேலை பாருங்க.

1960ல சுப்ரீம் கோர்ட்டுக்கு இப்படி ஆள் போடக்கூடாதுன்னு செனட் 48க்கு 37 ஓட்டுல ஒரு தீர்மானம் போட்டுச்சு, அப்போ பிரசிடெண்டா இருந்த ஐசனோவர், வாரன், பிரென்னன், ஸ்டூவர்ட்னு மூணு பேரை அப்படிப் போட்டிருந்ததுதான் காரணம். அது செனட்டோட கருத்து மட்டும்தான், யாரையும் கட்டுப்படுத்தாது, வாதம் பண்றப்ப அதைச் சட்டம்னு காட்டாதீங்க.

கடைசியா ஒண்ணு. ரெண்டு சபையும் ஒத்திவைக்கிற நேரத்துல முரண்பட்டா பிரசிடெண்டே ஒத்திவைக்கலாம்னு அரசியல் சட்டத்துல ஒரு வரி இருக்கு, இதுவரைக்கும் எந்த பிரசிடெண்டும் அதைப் பயன்படுத்தினதில்ல. 2024 நவம்பர்ல ட்ரம்ப் ரிசெஸ் நியமனத்துக்கு ஒத்துக்கணும்னு செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் போட்டியில இருந்தவங்ககிட்ட கேட்டப்ப இந்த வரியும் மறுபடி பேச்சுல வந்துச்சு. அப்படி ஒரு நாள் நடந்தா, ரெண்டு சபையும் எந்தத் தேதியில எதுக்கு ஓட்டு போட்டாங்க, நிஜமாவே முரண்பட்டாங்களான்னு முதல்ல அந்த ஓட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்க.