மகளின் பல்கலைக்கழகச் செலவை நாங்கள் பங்கிட்ட விதம்

இலங்கையின் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணத்தை நீக்கியதே தவிர, யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையின் அறை வாடகையையும் சாப்பாட்டையும் பெற்றோரிடமே விட்டது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியின்படி மகளுக்கு அங்கே இடம் கிடைத்தபோது, நகையை அடகு வைப்பதா, கனடாவிலுள்ள மைத்துனரைக் கேட்பதா என்பதே வீட்டில் பேச்சாக இருந்தது. கேட்டால் அனுப்புவார், ஆனால் ஊரே அதை ஒரு வருடம் பேசும்.

“அப்பா, என்ர பங்கு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ” என்று மகளே கேட்ட பிறகு, ஒரு கொப்பியில் செலவுகளைப் பிரித்தோம். வாடகை, மடிக்கணினி போன்ற மாறாத செலவுகள் என் பொறுப்பு. அவள் நினைத்தால் கூட்டவோ குறைக்கவோ கூடிய சாப்பாடு, போட்டோப் பிரதி, தொலைபேசி, பஸ் காசு ஆகியவை அவள் பொறுப்பு. சரிபாதியாகப் பிரிப்பதைவிட இதுவே நியாயமென்பது என் எண்ணம்.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை இங்கே பல மாதங்கள் கழிவதால், அக்காலத்தில் அயலிலுள்ள தரம் ஐந்து பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்து, அந்தப் பணத்தைத் தன் சேமிப்புக் கணக்கிலே போட்டாள். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பித்தோம். குடும்ப வருமானமும் கணக்கிலெடுக்கப்படுவதால், அதற்கான சான்றுகளை முன்கூட்டியே எடுத்து வைத்தல் நல்லது.

உதவிப்பணம் வரும் வரை அவளது பங்கை நான் கடனாகக் கொடுக்க வேண்டும், பரீட்சைக் காலத்தில் அவள் உழைக்கக்கூடாது என்பன மனைவி சேர்த்த நிபந்தனைகள். மாதக் கணக்கு வட்ஸ்அப்பில் வருகிறது. சாப்பாட்டுச் செலவு சந்தேகத்துக்கிடமாகக் குறைந்தால் மட்டும் நாங்கள் விசாரிக்கிறோம்.