நடுவயதில் மறுபடியும் தூண்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன வயதில் மீன் பிடித்தவர்கள் நாற்பது, ஐம்பது வயதில் மறுபடியும் தூண்டிலை எடுப்பது ரொம்ப நல்ல விஷயம். கை பழையதை மறப்பதே இல்லை. தக்கை முங்கினால் மணிக்கட்டு தானாகவே வெட்டி இழுக்கும். ஆனால் கைக்கு நினைவிருக்கிறது என்பதால் மற்றதும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். பரணில் கிடந்த சாமான், நம் கண், தோள், நீர்நிலைக்கான விதிமுறை எல்லாமே இதற்குள் மாறியிருக்கும். கூட வரும் குடும்பத்துக்கோ இது முதல் தடவை. பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் சாமான். பழைய ரீலில் இருக்கும் நைலான் நரம்போடு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு நைலான் வலுவிழக்கும். வருடக்கணக்கில் சுற்றியே கிடந்தால் சுருள் சுருளாக நின்றுவிடும், வீசினால் தூரம் போகாமல் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் உருவி விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தாலோ, முடிச்சுப் போட்டு இழுத்ததும் பட்டென்று அறுந்தாலோ மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றுவதே மேல். ரீலுக்குள் கிரீஸ் இறுகியிருந்தால் டிராக், அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் அமைப்பு, ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரிய மீன் ஒன்று முதல் ஓட்டம் எடுக்கும்போது நரம்பு அறுவது பெரும்பாலும் இதனால்தான். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் நழுவ வேண்டும். 4 கிலோ நரம்பு என்றால், ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுக்கும்போது 1 கிலோ காட்டியதும் நழுவினால் சரி.

அடுத்து உடம்பு. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை தளரும். அதிகாலை அரைவெளிச்சத்தில் முள்ளின் காதுக்குள் நரம்பைக் கோக்க முடியாமல் தடுமாறி, அவசரத்தில் முடிச்சு அரைகுறையாகிவிடும். படிக்கும் கண்ணாடியை மறக்காதீர்கள். அதைவிட நல்ல வழி, முதல் நாள் இரவே வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து முட்களில் அடி நரம்பு, அதாவது முள்ளோடு சேரும் குட்டி நரம்பு, கட்டி வைத்துக்கொள்வது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். காய்ந்த நைலானை இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடமே வலுவிழக்கும். முதல் நாளே கனமான கோலால் மணிக்கணக்கில் வீசினால் மறுநாள் தோளைத் தூக்க முடியாது. இலேசான கோலோடு ஆரம்பியுங்கள்.

சரி, இப்போது குடும்பம். எனக்குப் பெரிய விஷயம் இதுதான்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் நீங்களும் ஆசைதீர மீன் பிடிக்க நினைப்பதுதான் முதல் தவறு. பிள்ளைக்குப் புழு கோக்க வேண்டும், சிக்கை எடுக்க வேண்டும், மரக்கிளையில் மாட்டியதைக் கழற்ற வேண்டும். இதற்கு நடுவில் உங்கள் கோலும் தண்ணீரில் கிடந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தால் அடுத்த தடவை யாரும் வரமாட்டார்கள். அன்றைக்கு உங்கள் கோலை எடுக்கவே வேண்டாம். உங்களுக்கான மீன்பிடிப்புக்கு வேறொரு நாள் தனியாகப் போய்க்கொள்ளுங்கள்.

பெரிய மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவது அடுத்த தவறு. குழந்தைக்கு விரல் நீள மீன் போதும், ஆனால் அடிக்கடி கொத்த வேண்டும். சின்ன முள், கிள்ளிப் போட்ட மண்புழுத் துண்டு, தக்கை, நான்கைந்து அடிக் கோல் இருந்தால் போதும். ஆரம்பத்தில் ரீல்கூட வேண்டாம். நீங்கள் பாடம் நடத்திக்கொண்டிருப்பதைவிட, தக்கை துள்ளுவதை ஒரு தடவை பார்த்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும். மீன் மாட்டியதும் பதறிப்போய்க் கோலை வாங்கிவிடாதீர்கள். தப்பித்தால் தப்பிக்கட்டும், அது அந்தக் குழந்தையின் மீன். ஒரு மணி நேரத்தில் சலித்துப்போய்க் கல் பொறுக்கவோ தவளை தேடவோ கிளம்பினால் விட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று கேட்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது. மனைவிக்கோ கணவருக்கோ கோல் பிடிக்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவரும் கூட வந்தவர்தான்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நீச்சல் தெரிந்தாலும், கரையில் நின்றாலும், சின்னப் பிள்ளைகளுக்கு உயிர்காப்புச் சட்டை வேண்டும். முள்ளில் பின்னோக்கி நிற்கும் குட்டி முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பது சுலபம், விரலில் குத்தினாலும் வந்த வழியே வந்துவிடும். வீசும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். கண்ணுக்கு அருகில் குத்திய முள்ளைத் தொடவே கூடாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். இன்றைய கோல்களில் பல கார்பன் இழையால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே வீசாதீர்கள். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடமாவது காத்திருங்கள்.

மீனைத் தொடுவதற்கும் ஒரு முறை உண்டு. காய்ந்த கையால் பிடித்தால் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துபோகும், நோயிலிருந்து மீனைக் காப்பது அதுதான். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். கெளுத்தியைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் விறைத்து நிற்கும், குத்தினால் கடுமையாக வலிக்கும். பக்க முட்களுக்குப் பின்னால் விரல் வருகிற மாதிரி நீங்களே பிடித்துக் காட்டுங்கள். தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கிய மீனை விடப்போகிறீர்கள் என்றால் தோண்டாமல் நரம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள், பிழைக்க வாய்ப்பு அதிகம்.

உரிமம், தடைக்காலம், பிடிக்கக்கூடிய அளவு இவையெல்லாம் நீங்கள் கடைசியாகப் பிடித்த காலத்தில் இருந்ததைப் போலவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நரம்புத் துண்டுகளைக் கரையில் விட்டுவிட வேண்டாம், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். பொறுக்கிவந்து பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். அப்புறம் ரீலைத் துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்திவிட்டு எடுத்து வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் அமுங்கி, அடுத்த தடவை சீராக நழுவாது.