'பல நாட்கள்' என்றால் எத்தனை நாள்? நோய்ப்பயத்தை அளக்கப் போய் நாங்கள் செய்த தவறுகள்

போன மாதம் முதுகலை உளவியல் மாணவி ஒருவர் ஆய்வுத் திட்டத்தோடு என் அறைக்கு வந்தார். பெருந்தொற்றுக்குப் பிறகு சேலத்து மக்களிடம் உடல்நலக் கவலை என்பது தலைப்பு. கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதியே அறிவித்துவிட்டது. இந்தத் தலைப்பு மட்டும் எங்களிடம் வருடம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. வரட்டும், நல்ல தலைப்புதான். கேள்வித்தாளின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். 2020இல் நானும் என் மாணவர்களும் விழுந்த அதே குழி, அதே இடத்தில்.

அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். ஆள் எண்ணிக்கை போதவில்லை, ஒப்புதல் கையெழுத்து வாங்கவில்லை என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அவற்றைத் தொடப்போவதில்லை.

எதை அளக்கிறோம் என்று தெரியாமல் கிளம்புவது

கொரோனா பயம் வேறு, உடல்நலக் கவலை வேறு, பொதுவான மனப்பதற்றம் வேறு. மூன்றுக்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன. கொரோனா பயத்துக்கென்று 7 கேள்விகள் கொண்ட அளவுகோல் 2020இலேயே ஈரானில் உருவாகி வெளிவந்தது. பொதுப் பதற்றத்துக்கு 2006இல் வந்த ஜி.ஏ.டி-7. உடல்நலக் கவலைக்கு சல்கோவ்ஸ்கிஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட 18 கேள்விச் சுருக்கப் பட்டியல்.

உடல்நலக் கவலையின் சாரம், சாதாரண உடல் உணர்வைப் பெரிய நோயின் அறிகுறியாகப் படிப்பது. லேசாக நெஞ்சு குத்தினால் மாரடைப்பு, தலை வலித்தால் மூளைக்கட்டி. மருத்துவர் ஒன்றுமில்லை என்றால் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் இன்னொரு மருத்துவர். இதற்கு நேரெதிராக, ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் உண்டு.

பெருந்தொற்றுக் காலத்தில் இதில் ஒரு சிக்கல் சேர்ந்தது. அடிக்கடி கை கழுவுவது, உடம்பைச் சோதித்துக்கொண்டே இருப்பது எல்லாம் வழக்கமாகக் கவலையின் அடையாளங்கள். 2020இல் கை கழுவச் சொன்னது அரசாங்கம். வீட்டுத் தனிமையில் இருந்தவர்களை ஆக்சிமீட்டரில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னது மருத்துவர்கள். சொன்னதைச் செய்தவருக்கும் மதிப்பெண் ஏறும், பயத்தில் நாளுக்கு நாற்பது முறை விரலை நுழைத்தவருக்கும் ஏறும். இரண்டையும் பிரிக்கக் கேள்வி இல்லாவிட்டால் நீங்கள் அளந்தது கீழ்ப்படிதலை.

நல்ல தமிழில் இருக்கிறது என்று கேள்வியை நம்புவது

என்னை இன்னும் உறுத்துவது இதுதான்.

2020 ஆடியில் தொடங்கினோம். வெளியே போக முடியாது. மாணவர்கள் வீட்டிலிருந்தே தொலைபேசியில் கேட்டார்கள். அம்மாப்பேட்டை நெசவாளர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்து ஆட்கள் என்று தேடித் தேடி எண் வாங்கினோம். ஜி.ஏ.டி-7ஐ நாங்களே தமிழாக்கினோம். உடல்நலக் கவலைக்கு, இருக்கிற அளவுகோலை விட்டுவிட்டு நாங்களே பத்துக் கேள்வி எழுதி, ஜி.ஏ.டி-7இன் விடைக் கட்டங்களை அதற்கும் ஒட்டவைத்தோம். (ஏன் என்று கேட்காதீர்கள். அவசரம்.) மறுமொழிபெயர்ப்பும் செய்தோம். தமிழ்க் கேள்விகளை, மூலத்தைப் பார்க்காத ஓர் ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னோம். அச்சு பிசகாமல் திரும்பி வந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இருநூறு சொச்சம் பேரை மூன்று மாதம் கேட்டு முடித்தோம். 2021 பொங்கல் கழிந்து, சிலரை நேரில் பார்க்கலாம் என்று அம்மாப்பேட்டை போனேன். தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. 'என் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன்' என்ற கேள்விக்கு உச்ச மதிப்பெண் போட்டிருந்தார். என்ன மாதிரிக் கவலை அம்மா என்று கேட்டேன்.

"நான் படுத்துட்டா தறிய யாருங்க ஓட்டுறது? அப்பவே பாவு வராம ரெண்டு மாசம் சும்மா உக்காந்திருந்தோம். நோவு வந்தா வரட்டுங்க, அரிசிக்கு என்ன பண்றது?"

அவருக்கு இருந்தது பசியைப் பற்றிய கணக்கு. நாங்கள் எழுதியது உடல்நலக் கவலை, மிகக் கடுமையானது. அந்தக் கேள்வியை எத்தனை முறை ஆங்கிலத்துக்குத் திருப்பினாலும் சரியாகத்தான் வரும். சொல்லில் பிழையே இல்லையே. மறுமொழிபெயர்ப்பு இரண்டு சொற்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். கேட்பவர் மனதில் அந்தச் சொல் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்காது.

அன்று மாலையே பதில் தாள்களின் கட்டு முழுவதையும் வேறு கண்ணோடு படித்தேன். படிக்கப் படிக்க வயிறு கலங்கியது.

'பதற்றமாக உணர்ந்தீர்களா' என்று கேட்டிருந்தோம். செய்தியில் பதற்றம் என்றால் போலீஸ் குவிப்பு. ஒரு பெரியவரின் பதிலை மாணவர் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார்: "இல்லைங்க தம்பி, எங்க ஏரியா அமைதியாத்தான் இருக்கு." அதற்கு 0 போட்டிருந்தோம். அந்தக் குறிப்பைப் பார்த்து அப்போது சிரித்தோமே தவிர யோசிக்கவில்லை.

'நெஞ்சு படபடக்கிறதா, கை வியர்க்கிறதா' என்பது அடுத்தது. வெள்ளி உருக்கும் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கை வியர்வை. மலைச்சரிவில் மூட்டையோடு ஏறி இறங்குபவரிடம் நெஞ்சுப் படபடப்பு. 'நோயைப் பற்றி நினைக்கும்போது' என்ற மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால் பாதி தப்பித்திருக்கும். வாக்கியம் நீளுகிறது என்று வெட்டியவன் நான்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் விடைக் கட்டம். ஜி.ஏ.டி-7 கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கும். விடைகள் நான்கு: இல்லவே இல்லை 0, ஒருசில நாட்கள் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் 2, ஏறக்குறைய தினமும் 3. அந்த இரண்டாம் விடையை நாங்கள் 'பல நாட்கள்' என்று எழுதியிருந்தோம். தமிழ்க் காதுக்கு 'பல' பாதியைவிடக் குறைவாகவா கேட்கிறது? பதினாலு நாளில் பத்து நாள் தூக்கம் கெட்டுத் தவித்தவர், வரிசையில் முதலில் வந்த 'பல நாட்கள்' என்பதைப் பிடித்துக்கொண்டார். ஏழு கேள்விக்கும் அப்படியே சொன்னால் 14 வரவேண்டிய இடத்தில் 7 வரும். பொதுவாக மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று வைக்கும் கோடு 10. அவர் கோட்டுக்குக் கீழே, லேசான பதற்றக் கணக்கில் போய்விட்டார். மூன்று நாள் மட்டும் கவலைப்பட்டவரோ 'பல' என்று சொல்லக் கூச்சப்பட்டு 'இல்லவே இல்லை' என்றார்.

கட்டம் மதிப்பெண்ணைக் கீழே இழுத்தது, அரிசிக் கவலை மேலே தள்ளியது. எங்கள் பத்துக் கேள்வியின் சராசரி பார்க்க லட்சணமாக, எதிர்பார்த்த இடத்திலேயே நின்றது. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சரி, திரும்ப எடுத்துவிடலாம் என்று கேள்விகளைத் திருத்தி முடிப்பதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. 2021 மே மாதம் இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜன் படுக்கைகள் போடும் நிலை. அப்போது மக்களிடம் இருந்தது வேறு பயம். தெருவுக்கு இரண்டு பேரை இழந்த பயம். போன அலையின் பயத்தை இந்த அலையில் போய் அளக்க முடியாது. ரீசார்ஜ் செலவும் மூன்று மாத உழைப்பும் போனதுகூடப் பரவாயில்லை. அந்த 2020 ஆடி மாதத்தை இனி எவராலும் அளக்க முடியாது. கட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில், தமிழில் ஏற்கெனவே சோதித்த வடிவம் இருக்கிறதா என்று தேடச் சொல்கிறேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேள்வித்தாளோடு எட்டுப் பத்துப் பேரிடம் போய் உட்கார வேண்டும். தறிக்காரர் ஒருவர், மலைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று கலந்திருக்க வேண்டும். பதில் கேட்கக் கூடாது. "இது என்ன கேக்குதுன்னு உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நம் தமிழில் திருத்தி எழுதக் கூடாது. கட்டங்கள் குழப்பினால் பதினாலு நாளில் எத்தனை நாள் என்று எண்ணாகவே கேட்டுவிட்டு, நாமே கட்டத்தில் போடலாம். அப்படி மாற்றியதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். 'இரண்டு வாரம்' என்பதும் நழுவும். ஊருக்குத் தெரிந்த ஒரு நாளைப் பிடித்து, பதினெட்டாம் பெருக்குக்கு அப்புறம் என்று கேட்டால் நிற்கும். இவ்வளவுக்கும் ஒரு வாரம் போதும்.

ஆல்பா 0.9 வந்துவிட்டது என்று துள்ளுவது

ஆல்பா என்பது, ஓர் அளவுகோலின் கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண். ஒரே தப்பை எல்லாக் கேள்வியிலும் செய்தாலும் அது நன்றாகத்தான் வரும்.

கூகுள் ஃபார்மை அனுப்பிவிட்டு 'சேலம் மாவட்ட மக்கள்' என்பது

உங்கள் வாட்ஸ்அப் குழு சேலம் மாவட்டம் இல்லை.

மதிப்பெண்ணை நோய் என்று எழுதுவது

கோட்டைத் தாண்டியவர் மேற்கொண்டு பார்க்கப்பட வேண்டியவர், அவ்வளவுதான். 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு, நோய்க் கவலைக் கோளாறு என்று சொல்வதற்கே குறைந்தது 6 மாத காலம் அது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கின் மூன்றாம் வாரத்தில் படிவம் அனுப்பிவிட்டு, இத்தனை சதவீதம் பேருக்குக் கோளாறு என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'அதிகரித்தது' என்ற சொல்

ஒரே ஒரு முறை அளந்தவருக்கு அந்தச் சொல்லுக்கு உரிமை இல்லை. பிரிட்டனில் ஒரே குடும்பங்களை வருடா வருடம் கேட்டு வந்த ஆய்வு முன்பே இருந்தது. அதனால் மன உளைச்சலை அளக்கும் ஜி.எச்.கியூ-12 அளவுகோலின் சராசரி 2018-19இல் 11.5, 2020 ஏப்ரலில் 12.6 என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம்மிடம் அந்த முந்தைய எண் இல்லை. அதேபோல, செய்தி அதிகம் பார்த்தவருக்குக் கவலை அதிகம் என்று வந்தால், கவலைப்பட்டவர்தான் ரிமோட்டைக் கீழே வைக்காமல் பார்த்தாரோ என்னவோ.

ஒன்பதாம் கேள்வியைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவது

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ஆம் என்று சொல்பவருக்கு அந்த நிமிடமே என்ன செய்வீர்கள் என்பதை எழுதிவைக்காமல் அந்தத் தாளை வெளியே எடுக்காதீர்கள். பெயரில்லாப் படிவத்தில் அதைக் கேட்டால் யார் சொன்னார் என்றுகூடத் தெரியாது. பயிற்சி பெற்றவர் ஒருவர் அழைப்பில் இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416ஐப் படிவத்தின் தலையிலேயே அச்சிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மாணவர்களுக்குத் தெரியும்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது

மாமியார் பக்கத்தில் இருந்தால் எந்த மருமகளுக்கும் கவலை 0தான்.

அந்த மாணவிக்கு வருவோம். கேள்வித்தாளைக் கையில் கொடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட்டு வாருங்கள், பதில் வாங்காமல் கேள்வி புரிகிறதா என்று மட்டும் கேளுங்கள் என்று அனுப்பினேன். இரண்டாம் நாள் ஏற்காட்டிலிருந்து போன். "சார், 'உங்கள் சுகாதாரம் பற்றிக் கவலை உண்டா'ன்னு முதல் கேள்வி. மூணு பேர்கிட்ட கேட்டேன். மூணு பேருமே குப்பை வண்டி மேல வர்றதே இல்லைன்னு சொல்றாங்க, சார்."